சாயங்காலக் காய்ச்சல்

பொய் சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், தையல் கடைக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட மாடி வீட்டில் குடியிருந்தார். ஒரே ஒருவர் என்பது அவருடைய சொந்தக் கணிப்புதான். ஆனால் மறுத்துப் பேச யாரும் மெனக்கெடாததால் நாளடைவில் தெருவின் கணிப்பாகவும் ஆகிவிட்டது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனது, செக்கர் என்ற பெயர் போகவில்லை. பணிக்காலம் முழுக்க யார் சொன்னதையும் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் நம்பியதில்லை என்பது அவர் பெருமை. டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது என்பார்கள், பர்சோடு போய்விட்டது என்பார்கள். கைக்குழந்தை தின்றுவிட்டது என்று ஒரு தாய் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செக்கர் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். டிக்கெட் உண்மையிலேயே உள்ளே இருந்தது. அது முந்தின நாள் டிக்கெட் என்பதையும் அவரே கண்டுபிடித்தார்.

அவருடைய கருவி இரண்டு விரல்கள். டிக்கெட் கேட்கும்போதே, கூட்டத்தில் விழாமல் தாங்கிப் பிடிப்பதுபோல ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். டிக்கெட் எடுத்தவன் நாடி நடக்கும், எடுக்காதவன் நாடி ஓடும். ஓய்வுக்குப் பிறகு சோதிக்க வண்டி இல்லை. இரண்டு விரலையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? வீட்டைச் சோதிக்க ஆரம்பித்தார். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கடைசியாக மாப்பிள்ளை.

மாப்பிள்ளை ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். பெற்றவர்கள் இல்லை. கல்யாணமானதும் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் மாமனார் வீட்டிலேயே தங்கியவன். பேச்சு குறைவு. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்றால் "ஆச்சு மாமா" என்பான். அந்த "ஆச்சு"க்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று செக்கர் ஆரம்பத்திலிருந்தே நினைத்தார். அதிகம் பேசுகிறவன் உளறி மாட்டுவான், பேசாதவனைத்தான் கவனிக்க வேண்டும் என்பது அவர் அனுபவம்.

அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தலைவலி என்றான். செக்கரின் மனைவி செக்கரம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, லேசாகச் சுடுகிறது என்றாள். காலையில் எழுந்தபோது சூடு குறைந்திருந்தது. சாயங்காலம் திரும்ப வந்தது, நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மறுநாளும் அப்படியே, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. படியேறுகிற ஆள்போல நிதானமாக ஏறியது காய்ச்சல். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை போட்டால் வியர்த்து இறங்கும், மாத்திரை வேகம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். வயிறு கல்போல இருக்கிறது, வெளியே போகவில்லை என்று மனைவியிடம் ரகசியமாகச் சொன்னான். இரண்டு அறை வீட்டில் ரகசியம் எங்கே நிற்கும்?

செக்கர் எல்லாவற்றையும் கவனித்தார். கவனித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஏங்க, பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடலாமா?" என்றாள் செக்கரம்மா. "தலை பிளக்குதுன்னு சொல்றாரு பாவம்."

"சொல்றாரு. சொன்னா ஆச்சா? காலையில போயிட்டு சாயங்காலம் டியூட்டிக்கு வர்ற காய்ச்சலை நான் பார்த்ததே இல்ல. காலையில ஷிப்டுக்குப் போக வேண்டியவனுக்கு முந்தின சாயங்காலமே ஜுரம் வந்துடுது. யோசிச்சுப் பாரு."

"உடம்பு சுடுதே."

"போர்வைக்குள்ள சுடுதண்ணி பாட்டில் வெச்சா எனக்கும் சுடும்."

மகள் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து காட்டினாள். செக்கர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தெர்மாமீட்டரை டீயில் முக்குகிறவர்கள் உண்டு என்று பொதுவாக, யாரையும் குறிப்பிடாமல் சொன்னார். மகள் அதை வாங்கிக்கொண்டு போனாள். அவள் பஸ் நிலையத்துக்கு எதிரே துணிக்கடையில் பில் போடுகிறவள். வாடிக்கையாளர்களிடம் பொறுமை பழகி, அதில் மிச்சம் இருந்ததை வீட்டில் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே செக்கர் மாப்பிள்ளையின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஆறுதல் சொல்கிற பாவனையில் மணிக்கட்டைப் பிடித்தார். கை அனலாகக் கொதித்தது. ஆனால் நாடி, சாப்பிட்டுவிட்டுத் தெருவில் காற்று வாங்கப் போகிறவன்போல ஆற அமர நடந்துகொண்டிருந்தது. செக்கர் திகைத்துப்போனார். காய்ச்சல் உள்ளவனுக்கு நாடி ஓட வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொய் சொல்கிறவனுக்கும் ஓட வேண்டும். இது செக்கருக்கு மட்டும் தெரியும். இரண்டில் எதுவாக இருந்தாலும் ஓடியிருக்க வேண்டிய நாடி இது. ஓடவில்லை என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இவன் பழுத்த பொய்யன். தன் பணிக்காலத்தில் ஒருமுறைகூடச் சந்திக்கக் கொடுத்துவைக்காத ஆள், தன் வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருக்கிறான்.

அவருக்கு மாப்பிள்ளை மேல் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை பிறந்தது.

காரணத்தை ஒரு வாரம் வீட்டிலேயே தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் ஐஸ் கம்பெனிக்குப் போனார். மீன் ஏற்றுகிற லாரிகள் வரிசையாக நின்றன. வாசலிலேயே அம்மோனியா நெடி மூக்கில் ஊசியாக ஏறியது. உள்ளே நீளமான உப்புத்தண்ணீர்த் தொட்டி, மேலே மரப்பலகை மூடிகள். தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்கள் இறங்கி நின்றன. பலகையின் மேல் ரப்பர் பூட்ஸோடு நடந்து, மூடியைத் தூக்கி, கொக்கியை மாட்டி, சங்கிலியை இழுத்து ஒவ்வொன்றாக மேலே எடுக்க வேண்டும். எடுத்ததைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் டப்பாவை விட்டு ஐஸ் கழன்றுகொள்ளும். சாய்த்தால் ஆள் உயரக் கட்டி தரையில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வரும். காலை ஒதுக்காதவனுக்குக் கால் இல்லை. கட்டியை அரைவை இயந்திரத்தில் தள்ள, அது கடகடவென்று கடித்துத் துப்ப, மறுபக்கம் மண்வெட்டியால் வாரி மீன் பெட்டியில் போட்டார்கள். ஐஸுக்கு நடுவே வேலையென்றாலும், மோட்டார் அறைச் சூட்டிலும் இழுக்கிற இழுப்பிலும் எல்லார் முதுகும் வேர்வையில் பளபளத்தது.

மேஸ்திரி நாற்காலி போட்டு உபசரித்தார். இயந்திரத்திலிருந்து சிதறிய ஐஸில் ஒரு துண்டைக் கையால் எடுத்து, டம்ளர் தண்ணீரில் போட்டு நீட்டினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. செக்கர் வாங்கவில்லை. சோதனைக்குப் போன இடத்தில் கை நனைக்கக் கூடாது என்பது பழைய விதி. அந்த டம்ளரை லஞ்சத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டு, நேரே விசாரணைக்கு வந்தார். மாப்பிள்ளை யாரோடாவது சண்டையா? குடியா? வேறு ஏதாவது சகவாசமா?

"அதெல்லாம் தங்கமான பையன் சார்" என்றார் மேஸ்திரி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு விஷயம் சார். இவரோட ஜோடி ஒருத்தன் இருக்கான். சங்கிலி இழுக்கிறவன், சங்கிலின்னுதான் கூப்பிடுவோம். அவனும் வேலைக்கு வரல. என்னடான்னா சாயங்காலம் ஆனா காய்ச்சலாம், தலைவலியாம், சோறு இறங்கலையாம். வார்த்தைக்கு வார்த்தை உங்க மாப்பிள்ளை சொல்லி அனுப்பிச்சதேதான். அவன் அண்ணனே, நடிக்கிறான் சார்னு சொல்றாரு. ரெண்டு பேரும் வேற இடம் பார்த்துட்டாங்களோன்னு எனக்கு ஒரு டவுட்டு."

செக்கர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கு முடிந்துவிட்டது. முன்சீட்டுக்காரனும் பின்சீட்டுக்காரனும் ஒரே கதையைச் சொன்னால், ஏறும்போதே பேசி வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள் என்று பொருள். உண்மை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பொய்தான் மாறாது.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொன்னார். கட்டிலுக்குக் கேட்கும்படி, ஆனால் கட்டிலைப் பார்க்காமல், சமையலறையைப் பார்த்துச் சொன்னார். சங்கிலியின் கதையைச் சொன்னார், நாடியைப் பற்றிச் சொன்னார், உழைக்கப் பயந்தவன் உண்மையைச் சொன்னாலாவது மன்னிக்கலாம் என்றார். செக்கரம்மா கஞ்சி கிண்டுவதை நிறுத்தவில்லை. நடுவில் ஒருமுறை, அந்தப் பையனும் நிஜமாகவே காய்ச்சலில் கிடந்தால் என்று கேட்டாள். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வருவதற்கு இதென்ன யூனிபார்மா என்று கேட்டார் செக்கர். உண்மையில் அது நல்ல கேள்வி. கேட்டவரே பதில் தேடாமல் விட்டதுதான் கோளாறு.

மறுநாள் காலை, மகள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை சுவரைப் பிடித்து எழுந்து பூட்ஸைத் தேடி மாட்டினான்.

"எங்க போறீங்க?" என்றாள் மகள்.

"வேலைக்கு." வறண்ட உதட்டை நக்கிக்கொண்டான். "மாமா சொன்னது சரிதான். எல்லாருக்கும் கஷ்டம்."

அவள் தடுக்கத் தடுக்கப் படியிறங்கினான். செக்கர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் தீர்ப்பு இவ்வளவு சீக்கிரம் குணப்படுத்தும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை தையல் கடை வாசல் வரை போனான். அங்கே படிக்கட்டில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத சங்கிலி ஒன்றைப் பிடித்து மெல்ல மெல்ல இழுக்க ஆரம்பித்தான். "இழு. சாயுது. காலை எடு" என்று யாரிடமோ முணுமுணுத்தான். மகள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளை ஏறிட்டுப் பார்த்து, "மேஸ்திரி, மூடி திறந்திருக்கு" என்றான்.

பிரமாதமாகச் செய்கிறான் என்று மேலே நின்ற செக்கர் நினைத்தார். அடுத்த கணம், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த படியிலிருந்து கீழ்ப்படிக்கு ஏதோ ஒழுகுவதைப் பார்த்தார். நாள் கணக்காகக் கல்லாக இருந்த வயிறு அவிழ்ந்துவிட்டிருந்தது. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு அது தெரியவே இல்லை. அவன் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தான்.

செக்கர் எத்தனையோ நடிப்பைப் பார்த்தவர். மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறார், வலிப்பு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். இந்த அளவுக்கு இறங்கி நடிக்க எவனும் சம்மதிக்க மாட்டான். அவர் கால்கள் அவரைக் கேட்காமலே படியிறங்கின.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு நடு வயது, அவசரம் இல்லாத குரல். படுக்க வைத்துக்கொண்டே மகளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். காய்ச்சல் ஒரேயடியாக வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதா? குளிர் நடுக்கம் இருந்ததா? காலையில் முழுக்க விட்டுவிடுமா, குறைய மட்டும் செய்யுமா? தலைவலி எந்தப் பக்கம்? இருமல்? வயிறு முதலில் கட்டிக்கொண்டு பிறகு போனதா, முதலிலிருந்தே போனதா? நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நடுவில் வெள்ளையாக மாவு பூசியதுபோல, ஓரமெல்லாம் சிவப்பு. வயிற்றை அமுக்கினார், இடது விலாவுக்குக் கீழே விரலை விட்டுத் துழாவினார். சட்டையை விலக்கி விளக்கைப் பக்கத்தில் பிடித்து எதையோ தேடினார்.

செக்கர் மூலையில் நின்றார். இத்தனை கேள்விக்கும் நோயாளி சார்பில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிற இந்த அம்மாவை யார் வேண்டுமானாலும் ஏமாற்றிவிடலாமே என்று பழக்கதோஷத்தில் நினைத்தார். தன் மனசாட்சிக்கும் ஒரு வேலை வேண்டியிருந்ததால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லிடணும். இவருக்கு நாடி ஓடல. இவ்வளவு சூட்டுக்கு நாடி ஓடணுமில்ல? நடக்குது. நான் அன்னிக்கே பிடிச்சுப் பார்த்தேன்."

டாக்டரம்மா முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். பிறகு மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். விட்டுவிட்டு மறுபடி பிடித்தார்.

"என்னிக்குப் பார்த்தீங்க?"

"போன வாரம்."

"போன வாரமே தெரியுமா?" டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "காய்ச்சல் ஏற ஏற நாடியும் கூடவே ஏறணும். ஏறலன்னா நாங்க சந்தேகப்படுற வியாதில ஒண்ணு டைஃபாய்டு. எல்லாருக்கும் இப்படி இருக்காது. இவருக்கு இருக்கு. மத்ததெல்லாமும் ஒத்துப்போகுது. அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

செக்கர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"ரத்தம் எடுத்து உறுதி பண்ணணும். அதுக்கு நாளாகும், அது வரைக்கும் காத்திருக்க முடியாது. ரத்தம் எடுத்ததும் ஊசி மருந்து ஆரம்பிச்சிடறேன்" என்றார் டாக்டரம்மா. "குடல் புண்ணாயிருக்கும். இப்ப பயம் அதுதான். ரத்தம் கசியலாம், ஓட்டை விழலாம். விழுந்தா உடனே ஆபரேஷன். இன்னும் கொஞ்ச நாள் தாண்டணும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும். சரி, தண்ணி எங்க குடிப்பாரு?"

"வீட்டுத் தண்ணிதான் டாக்டர்" என்றாள் மகள். "நானே கொதிக்க வெச்சு ஆறவெச்சு பாட்டில்ல கொடுத்தனுப்புறேன். வெளியில ஒரு வாய் குடிக்க மாட்டாரு. எங்க வீட்டுல வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல."

டாக்டரம்மா கட்டிலின் மேல் குனிந்தார். "தம்பி, பாட்டில் தண்ணி அங்க சூடாயிடாது?"

மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமல், வெகு தூரத்திலிருந்து பேசினான். "ஜில்லுனு இருக்கும். ஒரு துண்டு போட்டுக்குவேன்."

"என்ன துண்டு?"

"ஐஸ்."

"அது எந்தத் தண்ணியில செய்றது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். இப்படிக் கேட்கிறாரே என்று வருத்தப்பட்டதுபோல இருந்தது முகம்.

"அது தண்ணி இல்ல டாக்டர்" என்றான். "ஐஸ்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொதிக்க வைத்த தண்ணீர். மீன் மேல் போடுவதற்காக, எந்தக் கிணற்றிலிருந்தோ இறைத்து, எந்தச் சாக்கடை ஓரமாகவோ குழாய் போட்டுக் கொண்டுவந்து உறைய வைத்த கட்டியில் ஒரு துண்டு. ஐஸில் எதுவும் உயிரோடு இருக்காது என்பது அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிற அன்றே எல்லாரும் கற்றுக்கொள்கிற பாடம். செக்கருக்கு மேஸ்திரி நீட்டிய டம்ளர் நினைவுக்கு வந்தது. தொட்டது எந்தக் கை, எடுத்தது எந்த இடம், மிதந்தது என்ன, எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்தது. அவர் பார்த்தது லஞ்சத்தை.

"அங்க வேற யாருக்காவது காய்ச்சல் உண்டா?" என்றார் டாக்டரம்மா.

மகளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை மறுபடி அந்த இல்லாத சங்கிலியை இழுக்கப் போய்விட்டிருந்தான். செக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒருத்தன் இருக்கான்" என்றார். "இதே மாதிரிதான் சொல்றானாம். வார்த்தைக்கு வார்த்தை."

"அவரை உடனே வரச் சொல்லுங்க. அந்த ஐஸ் விஷயத்தை சுகாதார ஆபீஸுக்கு நான் சொல்லிடறேன்."

வார்டில் சேர்த்தார்கள், டிரிப்ஸ் இறங்க ஆரம்பித்தது. செக்கரம்மா துணிகளோடு வந்து சேர்ந்தாள். வராந்தாவில் மர பெஞ்சில் செக்கர் உட்கார்ந்திருந்தார். மகள் வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்காராமல், எதிரே நின்றாள்.

"அப்பா, அவர் உங்ககிட்ட ஒரு தடவையாவது பொய் சொல்லியிருக்காரா?"

செக்கர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். எல்லா "ஆச்சு மாமா"வையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒவ்வொரு தடவை நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போகும்போதும் அவர் கழுத்து நீண்டது. எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தார்.

மேஸ்திரியிடம் விலாசம் கேட்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். சங்கிலியின் வீடு ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. அண்ணன்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் செக்கரை அடையாளம் கண்டு வணக்கம் வைத்தார். ஒருமுறை பாஸ் காலாவதியாகி இவரிடம் மாட்டியவராம். அதைப் பெருமையாகவே சொன்னார். தம்பியின் பேச்சை எடுத்ததும் முகம் கடுத்தது.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க சார். காலையில நல்லா இருக்கான், சாயங்காலம் படுத்துக்கிறான். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். உங்களுக்குத் தெரியாததா, நீங்களே கையைப் பிடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. உங்ககிட்ட நடக்காது."

உள்ளே ஒற்றை ஜன்னல் அறை. பாயில் சுருண்டு கிடந்தவன் ஒடிசலான ஆள். இவன்தான் சங்கிலி இழுப்பவன் என்றால் நம்ப முடியாது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. வந்திருப்பவர் யார் என்று தெரிந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை. தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான்போல. கையைத் தானாகவே போர்வைக்கு வெளியே எடுத்து, மணிக்கட்டு மேலே தெரிய நீட்டி வைத்தான்.

செக்கர் பாய் ஓரம் குந்தி உட்கார்ந்தார். அந்தக் கையைத் தொடவில்லை.

"எப்படி இருக்கு தம்பி?"

"சாயங்காலம் ஆனா வருது சார்" என்றான் சங்கிலி. அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "நிஜமாவே வருது."

செக்கர் போர்வையை இழுத்து அந்தக் கையை உள்ளே வைத்து மூடினார். எழுந்து, வாசற்படி ஓரம் கிடந்த அவன் செருப்பைத் தேடி எடுத்து வந்து பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"வண்டியை எடுங்க" என்றார் அண்ணனிடம். "ஆஸ்பத்திரிக்கு."

"பார்க்கவே இல்லையே சார் நீங்க?"

செக்கர் சங்கிலியின் தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்றாரே" என்றார்.